‘ஜொய்மதி’ படத்தை எடுத்தவர் யார்?

"முதல் அசாமியப் படமான ‘ஜொய்மதி’யை எடுத்தவர் பூபேன் ஹசாரிகா" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. படம் வந்தது 1935-இல். 1926-இல் பிறந்த அசாமியப் பாடகர் ஹசாரிகாவுக்கு அப்போது வயது எட்டுதான்.

எடுத்தவர் ஜோதிபிரசாத் அகர்வாலா. கவிஞர், நாடக ஆசிரியர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். குடும்பத்தின் போலாகுரி தேயிலைத் தோட்டத்திலேயே ஸ்டுடியோ போட்டு, சொந்தப் பணத்தைக் கொட்டி எடுத்தார். கணவன் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் சித்திரவதையில் உயிர்விட்ட, அசாமை ஆண்ட அகோம் வம்சத்து இளவரசியின் கதை அது. அகர்வாலாவின் அடுத்த படமான ‘இந்திரமாலதி’யில் (1939) சிறுவன் ஹசாரிகா பாடினார், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இந்திய சினிமா கலைக்களஞ்சியத்தில் ‘ஜொய்மதி’ என்று தேடினால் இயக்குநர் பெயர் தெளிவாக இருக்கும். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.