அழைப்பு அவருக்கு, ரயில் ஏறியது நாலு பேர்

போன ஜூன் மாதம் எங்கள் திருச்சபைச் சேகரத்தில் வழியனுப்பு ஆராதனை நடந்தது. என் தங்கை குடும்பம் ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் பக்கத்து மலையில் மால்டோ பழங்குடி மக்கள் நடுவே ஊழியத்துக்குப் போகிறது. அவள் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை, அவரைப் பாராட்டி மூன்று பேர் பேச்சு, அப்புறம் ஊழியத்துக்குக் கடவுள் தன்னை அழைத்த கதையை அவர் சாட்சியாகச் சொன்னது இருபது நிமிடம். தங்கை ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள், நாலு வயது மூத்தவன் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மைக்கில் "துணைவியாரையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவள் கையில் மைக் வரவே இல்லை.

மிஷனரி ஊழியத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். திருநெல்வேலிக்காரி நான். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய கதையும், வெள்ளாளன்விளை அசரியா 1909-ல் தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்த கதையும் கேட்டு வளர்ந்தவள்தான். என் கோபம் வேறு. போவது ஒரு குடும்பம், நாம் அனுப்புவதோ ஒரு ஆளை.

வில்லியம் கேரியை எல்லோருக்கும் தெரியும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் செருப்புத் தைத்தவர் வங்காளம் போன கதையைப் படம் போட்டுச் சொல்வார்கள். அவர் மனைவி டாரத்தியைப் பற்றி எந்த டீச்சராவது சொன்னார்களா? 1793-ல் புருஷன் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது அவள் நிறைமாதம். வரமாட்டேன் என்றாள். அப்புறம் தங்கச்சியும் கூட வந்தால் வருகிறேன் என்று, பிறந்து சில வாரமே ஆன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினாள். மறுவருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவளுக்குப் புத்தி பேதலித்தது. சாகும்வரை, 1807 வரை, தேறவே இல்லை. அவள் அப்படி இருந்த அதே வீட்டில்தான் வங்காள வேதாகம மொழிபெயர்ப்பு நடந்தது. கேரியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் பாதிக் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அதைச் சொல்கிறேன்.

என் தங்கை டாரத்தி இல்லை, மனதாரத்தான் போனாள். ஆனாலும் அவளுக்கு அங்கே பேச ஆள் இல்லை. வீட்டுக்காரர் காலையில் ஊர்களுக்குப் போனால் இருட்டியபிறகுதான் வருவார். மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சல் உள்ள மாவட்டம் என்பதால் பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளைக் கொசுவலைக்குள் தள்ளிவிடுகிறாள். கொண்டுபோன மிக்ஸி இன்னும் அட்டைப்பெட்டியில்; வோல்டேஜ் தாங்காதாம்.

மொழி ஒன்றுதான் அவளுக்குச் சிரிப்பு. மால்டோ நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம், திராவிட மொழி. மூத்தவன் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து "ஏன், ஏன்" என்று குதித்திருக்கிறான். எதுக்குடா ஏன் ஏன்னு கேக்கிற என்று இவள் திட்ட, அவன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினானாம். அங்கே ஏன் என்றால் நான். நீன் என்றால் நீ. அம்மாவுக்கு முன்னால் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டான்.

இந்த நேரத்தில் இங்கிருந்து போன் போகிறது: எத்தனை ஆத்துமா? எப்போது ஞானஸ்நானம்? போய் ஆறு மாதம்தான் ஆகிறது ஐயா! சந்தையில் உப்பு கேட்கவே இப்போதுதான் பழகுகிறாள். முதல் இரண்டு வருஷம் அவர்களிடம் கணக்கே கேட்காதீர்கள் என்பேன். வருகிற சபை அசன விருந்தில் ஒரு வகைக் கறியைக் குறைத்தால் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பமாக ஊருக்கு வந்துபோக ரயில் டிக்கெட் எடுத்துக்கொடுக்கலாம். போன் பண்ணுகிறவர்கள் ஒரு தடவையாவது அவளிடம் கொடுக்கச் சொல்லிப் பேசுங்கள். ஜெபக்குறிப்பு கேட்க வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

மூத்தவனுக்கு வரும் மாசியில் ஐந்து முடிகிறது. மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே இங்கே திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரில் விடுதியோடு பள்ளி இருக்கிறது, நல்ல பள்ளி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், விண்ணப்பப் பாரம் எப்போது வாங்கட்டும் என்று அவளிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாக அந்த இடத்தில் சிக்னல் போய்விடுகிறது.