வீட்டுவழிக் கல்விக்குக் கட்டணப் பாடத்தொகுப்பு கட்டாயமா?

வீட்டிலேயே படிக்கும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள், குறிப்பிட்ட கட்டணப் பாடத்தொகுப்பை வாங்கினால்தான் பின்னர் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத முடியும் என்றொரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது உண்மையல்ல.

பள்ளிக்குச் செல்லாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் மத்திய அரசு அமைப்பான தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் (என்ஐஓஎஸ்) பத்தாம் வகுப்பில் சேர, 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், அப்படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருப்பதாகத் தாமே உறுதிமொழி அளித்தால் போதும். எந்தத் தொகுப்பை வாங்கினீர்கள் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை என்பதை அந்நிறுவனத்தின் இணையதளத்திலுள்ள சேர்க்கைக் கையேட்டில் எவரும் சரிபார்க்கலாம்.

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி வெளியிடும் பாடநூல்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் அவற்றின் அரசுத் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடப் பக்கத்திலுள்ள க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான காணொளியோ பயிற்சியோ திறக்கும். ஏழாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கடன் வாங்கியாவது தொகுப்பை வாங்க நினைக்கும் பெற்றோரை அந்த வாட்ஸ்அப் செய்தி எட்டக்கூடும் என்பதால், தயவுசெய்து அதை மேலும் பகிராதீர்கள்.