கோத்தகிரியில் காலை 5 மணிக்கு நடக்க முடியாது

காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று யூடியூபில் சொல்கிறவர்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு வாரம் தங்கிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் டீக்காட்டுப் பாதையில் கரடி வரும். ரோட்டு வளைவில் காட்டெருமை நிற்கும். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி இருப்பது மாடா, பாறையா என்று தெரியாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நன்றாக விடிந்து, ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் தனியாக வெளியே கால் வைப்பார்கள். அதுதான் சரி.

ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? "எனக்குச் சோம்பேறித்தனம் டீச்சர், மனசுல உறுதியே இல்லை." பெற்றோர் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசும்போது இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருட்டோடு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, ஏற்றம் ஏறி மினி பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவள் தன்னைச் சோம்பேறி என்கிறாள். எனக்கு அங்கேதான் மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள நல்ல மனநிலை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அந்த மனநிலை எங்கிருந்து வரும்? பயத்திலிருந்து வராது, வெட்கத்திலிருந்தும் வராது என்பது என் கருத்து. பிடித்த சாப்பாடு, பிடித்த பாதை, கூட நடக்கப் பிடித்த ஆள், இவற்றிலிருந்துதான் வரும்.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், அதன் விளிம்பில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் கணக்குச் சொன்னது. ஆனால் பயம் ஒரு மாதத்துக்கு மேல் வேலை செய்வதை நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் பார்த்த மருத்துவர், "இப்படியே போனா கால எடுக்க வேண்டியதுதான்" என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் நடுங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். மறுநாளிலிருந்து மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி, உப்பில்லாத வேகவைத்த காய். கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. பேத்தி நீட்டிய பலகாரத்தைத் தட்டிவிட்டு, அப்புறம் அதற்காக வருத்தப்பட்டார். "நாக்கு செத்துப்போச்சும்மா" என்பார். ஒரு நாள் மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தார். அன்றோடு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது.

பரோட்டா சாப்பிட்டதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அதன் பிறகு அவர் ரத்தப் பரிசோதனைக்கே போகாமல் இருந்தார், அதுதான் ஆபத்து. ரிசல்ட் கூடுதலாக வந்தால் திட்டு விழும், வீட்டில் முகம் கொடுக்க முடியாது. அதனால் பார்க்காமலே இருந்துவிடுவோம் என்று நினைத்தார். நோயாளியை மிரட்டும் ஒவ்வொருவரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிரட்டலில் அவர் நோயிலிருந்து ஒதுங்கவில்லை, சிகிச்சையிலிருந்துதான் ஒதுங்கினார்.

அவரை மாற்றியது அண்ணிதான். 2023 மே மாதத்திலிருந்து தருமபுரியிலும் எங்கள் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தது. பல வீடுகளில் அதை வாங்கி மூலையில் வைத்துவிடுகிறார்கள். அண்ணி கழுவி, காயவைத்து, மில்லில் அரைத்து வந்தார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டி, மூடி வேகவிட்டு, அப்புறம் துடுப்பால் கட்டியில்லாமல் அழுத்திக் களி கிண்டுவார். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவரை இறக்க மாட்டார். கூடவே பச்சை அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, நம் தோட்டத்து முள்ளங்கிக் கீரைப் பொரியல். அண்ணனுடைய அம்மா காலத்துச் சாப்பாடு அது. ஒரு சின்ன உருண்டையில் அவருக்கு வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது.

சர்க்கரை மாயமாகப் போய்விடவில்லை. மாத்திரை தொடர்கிறது. ஆனால் இப்போது பரிசோதனைக்கு அவரே தேதி பார்த்துப் போகிறார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேழ்வரகும் மாவுச்சத்துதான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் களி என்றால் சர்க்கரை ஏறாது என்று நம்பி மூன்று உருண்டை சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். சாமைக்கும் இதே கதைதான். அளவு சின்னதாக இருக்க வேண்டும், பக்கத்தில் பருப்போ அவரையோ முட்டையோ இருக்க வேண்டும், காய் நிறைய வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் ஒரு நாள் சாப்பாட்டில் ஏறக்குறையப் பாதி காய், கீரை, பழமாக இருக்கட்டும் என்கிறது. ஊருக்கே கேரட் அனுப்பும் மலையில் இருந்துகொண்டு தட்டில் ஓரமாக ஒரு ஸ்பூன் பொரியலோடு நாம் எழுந்துவிடுகிறோம். பிளம்ஸ், பேரிக்காய் சீசனில் பழத்தைப் பெட்டியில் அடுக்கி விற்றுவிட்டுப் பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்குகிறோம்.

மனசு உடம்போடு எப்படி விளையாடுகிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகளை நான் அடிக்கடி சொல்வேன். அமெரிக்காவில் அலியா கிரம், எலன் லாங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 7 ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களை வைத்து நடத்தியது முதலாவது, 2007-ல் வெளிவந்தது. ஒரு பகுதிப் பெண்களிடம், "நீங்கள் தினமும் செய்யும் இந்த வேலையே நல்ல உடற்பயிற்சிதான்" என்று விளக்கிச் சொன்னார்கள். மற்றவர்களிடம் சொல்லவில்லை. 4 வாரம் கழித்துப் பார்த்தால், சொல்லப்பட்டவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்திருந்தன. வேலை அதேதான். பின்னால் நடந்த எல்லா ஆய்விலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது 2011-ல் வந்தது. ஒரே மில்க்‌ஷேக், 380 கலோரி. ஒரு முறை "இது கொழுப்பும் ருசியும் நிறைந்தது, 620 கலோரி" என்று லேபிள் ஒட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு முறை "இது டயட் பானம், 140 கலோரி" என்று கொடுத்தார்கள். ருசியானது என்று நம்பிக் குடித்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் நன்றாக இறங்கியது. டயட் என்று நம்பியபோது அவ்வளவாக இறங்கவில்லை. சின்ன ஆய்வுதான், 46 பேர். ஆனால் அண்ணனுடைய ஓட்ஸ் கஞ்சியை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இது நன்றாகப் புரிகிறது. தண்டனை என்று நினைத்துக் குடித்த கஞ்சி அவருக்கு எப்படிப் பசி ஆற்றும்?

டீ பற்றிப் பேசாமல் இந்த ஊரில் சாப்பாடு பற்றிப் பேச முடியாது. குளிருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ சாதாரணம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் பத்து ஸ்பூன், 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே சராசரி ஆளுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. டீயை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, நம் ஊர்த் தேயிலை அது. சீனியை மட்டும் வாரத்துக்குக் கால் ஸ்பூன் என்று குறைத்துப் பாருங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். மொறுமொறு பேக்கரிப் பலகாரமான வர்க்கியையும் தீண்டக் கூடாத பொருளாக ஆக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சூடான டீயில் தொட்டு ஒன்று சாப்பிடுங்கள், ஆசையாகச் சாப்பிடுங்கள். மதியச் சோற்றுக்குப் பதிலாக டீயும் வர்க்கியும் என்று போகும்போதுதான் உடம்பு கெடுகிறது.

இதில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். நாள் முழுக்கச் சரிவில் நின்று, மூட்டையைச் சுமந்து எடை போடும் இடம் வரை ஏறுகிறவரிடம் போய் "தினமும் நடங்க அக்கா" என்று அறிவுரை சொல்வது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது முட்டை, பருப்பு, கீரை, முழங்காலுக்கு ஓய்வு, நேரத்துக்குச் சாப்பாடு. அவர்கள் செய்யும் வேலைக்கு உடம்பில் எவ்வளவு பலம் வேண்டும் என்று யாராவது அவர்களிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஹோட்டல் ஆய்வு எனக்குப் பிடிக்கக் காரணமே இதுதான்.

என்னைப் போல உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் நடை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. முன்பு ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நம் ஊருக்கு இது பெரிய வரம். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி ஏறி வந்தால் அது கணக்கு. மார்க்கெட் படிக்கட்டில் பையோடு ஏறினால் அதுவும் கணக்கு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நம் ஏற்றத்தில் இரண்டு நிமிடத்தில் அந்த நிலைக்கு வந்துவிடலாம். சமவெளிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

நாங்கள் சில பெண்கள் பள்ளி விட்டதும் சேர்ந்து நடக்கிறோம். இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவோம். தனியாகப் போனால் "எங்க கிளம்பிட்ட?" என்று கேட்பவர்கள், கும்பலாகப் போனால் கேட்பதில்லை. வீட்டில் ஆணுக்கு நோய் வந்தால் அவருக்குத் தனிச் சமையல் உடனே நடக்கிறது. பெண் தனக்காக அரை மணி நேரம் எடுத்தால் அது திருடிய நேரம் மாதிரிப் பார்க்கிறார்கள். கணவன்மார்கள் தயவுசெய்து அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல மனநிலை என்று நாம் பேசுவதில் பாதி, வீட்டில் இருப்பவர்கள் கொடுப்பது.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை விடாது. நடை நின்றுபோகும். அப்போதுதான் பலர் "எல்லாம் போச்சு" என்று கைவிடுகிறார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைக் கவனித்ததில், ஒரு புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே மழையில் விட்டதற்கு மனசாட்சி உறுத்த வேண்டாம். வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும். வெயில் எட்டிப்பார்த்ததும் மறுபடி கிளம்புங்கள்.

உங்களிடம் இரண்டு கேட்க வேண்டும். படுகர் வீட்டுத் தோழிகள் அவரை உதக்கா என்ற அவரைக்கொட்டைக் குழம்பை எப்படிச் செய்வது என்று அளவோடு எழுதுங்கள், எங்கள் குழுவில் பலருக்கு அது தெரியவில்லை. குன்னூர், ஊட்டி, கூடலூர் நண்பர்கள் உங்கள் பக்கம் எந்தப் பாதையில், எந்த நேரத்தில் பெண்கள் பயமில்லாமல் நடக்க முடிகிறது, எங்கே தெருவிளக்கு எரிவதில்லை என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து உள்ளாட்சியில் மனுவாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்.