சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தார், சரி

சனிக்கிழமை நம் பள்ளி ஆண்டு விழாவில் நடந்ததைப் பாதிப்பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப்பேர் வாட்ஸ்அப்பில் பார்த்தீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. பிளக்ஸில் இருபத்தேழு முகம், எண்ணிவிட்டேன். ஃபேன் வாங்கிக் கொடுத்தவர், கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர், துபாயிலிருந்து பணம் அனுப்பியவர், அவருடைய மச்சினன். பதினோரு வருஷம் தலைமையாசிரியராக இருந்த சாருக்கு மட்டும் இடம் இல்லை. போன ஆடியில்தான் இறந்தார். மைக்கில் ஒரு வரி இரங்கல் வந்தது, அதுவும் 'முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர்' என்று. பெயர் கூடவா மறந்துபோச்சு?

கேட்டதற்குக் குழுவில் வந்த பதில்: "அவரு சம்பளத்துக்கு வேல பாத்தவருதானே. நாங்க கைக்காசு போட்டவங்க."

சரி. சம்பளத்துக்குத்தான் பார்த்தார்.

1996-ல் நான் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்கு அண்டி ஆபீசில், அதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில் வேலை. உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று வெறுஞ்சோறு தின்பாள். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் என்னையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாவது வாரம் சார் வீட்டுக்கு வந்தார். நல்ல மழை. குடை பாதி அவருக்கு, பாதி கக்கத்தில் பிளாஸ்டிக் கவர் சுற்றி வைத்திருந்த வருகைப் பதிவேட்டுக்கு. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே பதிவேட்டை விரித்து, என் பெயருக்கு நேரே வரிசையாக விழுந்து கிடந்த ஆப்சென்ட்டை அம்மாவிடம் காட்டினார். "பேரை வெட்டல. நீங்க எப்ப அனுப்பினாலும் இவ ஏழாங்கிளாஸ் பிள்ளதான்." அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இருந்தும் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். நாலாவது தடவை அம்மா, "இந்த மனுசன் தொல்ல தாங்க முடியல, போயித் தொலைடீ" என்று பையை எடுத்து என் மேல் எறிந்தாள்.

வீடு வீடாக நடக்க எந்தச் சம்பளப் பட்டியலில் படி போட்டிருந்தார்கள் என்று அந்தக் கைக்காசு அண்ணாச்சி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உள்பெட்டியில் ஒரு நண்பர் வந்தார். எண்ணிக்கை குறையக்கூடாது என்றுதான் சார் பெயர்களை வெட்டாமல் வைத்திருந்தாராம். இருக்கட்டுமே! பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம். எண்ணிக்கை போனால் கணக்கு வாத்தியாரை வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள், மிச்சமிருக்கிற பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதைக் காப்பாற்றியது குற்றமா? கொஞ்சம் முன்னே பின்னே எழுதியிருக்கலாம். நானும் ஒரு அரசு அலுவலகத்தில் பைல் தள்ளுகிறவள்தான், எனக்குத் தெரியாதா?

அடிப்பார் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அடிப்பார். அது தப்புதான். அப்புறம்?

மேடையில் காமராஜரைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். நல்லது, நாகர்கோவில் தொகுதி 1969-லும் 1971-லும் ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பிய மனிதர். ஆனால் நெ.து.சுந்தரவடிவேலு பெயரை ஒருத்தர் சொல்லவில்லை. காமராஜர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்து மதிய உணவுத் திட்டத்துக்கு ஓடியவர். பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊர்க்காரர்கள் கையாலேயே பள்ளிக்கு பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் வர வைத்தவர். அவரும் சம்பளம் வாங்கினவர்தான். ஊர் கைக்காசு போட வேண்டும் என்பதை ஒரு முறையாக ஆக்கியதே ஒரு சம்பளக்காரர்தான், அண்ணாச்சி. கொடுத்தவர் படத்தைப் போட வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இருபத்தெட்டாவதாக ஒரு முகத்துக்கு பிளக்ஸில் துணி பத்தவில்லையா?

2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே நாம்தான் முதல் என்று மட்டும் மூச்சுக்கு மூச்சு சொல்வோம். அந்த நூறில் என்னைப் போல எத்தனை பேரை யார் யார் வீட்டு முற்றத்தில் நின்று கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்க மாட்டோம்.

உன் மகள் எங்கே படிக்கிறாள் என்று கமென்டில் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். தனியார் ஆங்கிலப் பள்ளியில். வேன் வாசலுக்கு வருகிறது. சார் இருந்திருந்தால் என் வீட்டுக்கும் பதிவேட்டோடு வந்திருப்பார், நானும் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். அந்த வெட்கமும் சேர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சாரின் மனைவி அன்று வந்திருந்தார், எத்தனை பேர் பார்த்தீர்கள்? கடைசி வரிசையில், பந்தல் காலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். காபி கொண்டு போய்க் கொடுத்தேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மக்ளே, நீ அந்த அண்டி ஆபீசுப் பிள்ளல்லா? நாலு நட நடந்தேன்னு சொல்லுவாரு" என்றார். பிளக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் மாட்டலாமே என்று சொன்னதற்கு, புதுப் பெயிண்ட் அடித்த சுவர், ஆணி அடித்தால் பெயர்ந்துவிடும் என்றார்கள். வருகிற திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். படம் சட்டம் போட்டு வந்துவிட்டது. ஆணி, சுத்தியல், ஒரு டப்பா பெயிண்ட் எல்லாம் நானே கொண்டு வருகிறேன். அதுவும் கைக்காசுதான்.