உலர் ஈயை இழுக்காதீர்கள்

தூண்டில் முள்ளில் இறகு கட்டிச் செய்யும் போலிப் பூச்சியைத்தான் 'ஈ' என்கிறோம்; நீர்மேல் மிதப்பது உலர் ஈ, அமிழ்வது மூழ்கும் ஈ. "எந்த இறகையும் கட்டி எண்ணெய் தடவினால் ஈ மிதக்கும், அதை நீரில் இழுத்தால் போதும், கொழும்புப் பக்கத்துத் தியவன்னா ஓயாவிலேயே ட்ரவுட் பிடிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே திணறும். நுவரெலியா பக்கத்து மலையோடைகளில் வாழும், கொழும்பில் வாழாது. வீசிப் பழக மட்டும் தியவன்னா சரி.

பெட்டைக்கோழி இறகு மென்மையானது, நீரை உறிஞ்சும். மூழ்கும் ஈக்குத்தான் அது நல்லது. உலர் ஈக்குச் சேவலின் கழுத்து இறகு வேண்டும். அதன் விறைப்பான நார்கள் முள்ளைச் சுற்றி வட்டமாக விரிந்து, நீரின் மேற்பரப்பு இழுவிசையில் நிற்கும். நார் நீளம் முள் வாயின் (முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் இடைவெளி) அகலத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கட்டும். முள்ளும் மெல்லிய கம்பியில் செய்ததாக இருக்க வேண்டும். புறக்கோட்டையில் வாங்கும் தடித்த கடல் முள் என்ன தடவினாலும் அமிழ்ந்துவிடும்.

அப்புறம் அந்த இழுவை. அதுதான் பெரிய பிழை. உண்மையான பூச்சி ஓட்டத்தோடு மிதந்து வரும். தங்கூசி (தூண்டில் நூல்) இழுபட்டு ஈ கோடு கிழித்தால் ட்ரவுட் பெரும்பாலும் விலகிவிடும். ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வீசி, தங்கூசியைத் தளர்த்தி, ஈயைத் தானாக வரவிடுங்கள். நீர்மேல் துள்ளும் கேடிஸ் போன்ற பூச்சிகளைப் பாவனை செய்யும்போது மட்டும் இலேசான அசைவு உதவும்.