மில்லர் விட்ட இடத்திலிருந்து

அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் வால்டர் மில்லரின் இரண்டாவது நாவலை மறுபடியும் படித்து முடித்தேன். 'செயின்ட் லீபோவிட்ஸ் அண்ட் த வைல்ட் ஹார்ஸ் உமன்'. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அதை அவர் எழுதி முடிக்கவில்லையே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் நாவலை உயிராக நேசிப்பவர்களே அப்படிச் சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

முதல் நாவல் 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' 1959-ல் வந்தது. 1961-ல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியது. அணுப்போரில் உலகம் அழிந்த பிறகு, அமெரிக்கப் பாலைவனத்தில் லீபோவிட்ஸ் என்ற பொறியாளரின் பெயரில் இயங்கும் ஒரு மடாலயம் பழைய அறிவின் மிச்சமீதியைக் காப்பாற்றி வைக்கிற கதை. மில்லர் உயிரோடு இருந்தவரை வெளியான அவருடைய ஒரே நாவல் அதுதான். அடுத்த பாகம் 1997-ல் வந்தபோது அவர் இல்லை. நடுவில் 38 ஆண்டுகள்.

அந்த 38 ஆண்டுகளைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களில் 50-க்கும் மேற்பட்ட முறை பறந்தவர் மில்லர். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மான்டே கசீனோ மடாலயத்தைத் தரைமட்டமாக்கிய தாக்குதலில் அவரும் இருந்தார். புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் நிறுவிய மடம் அது. போர் முடிந்து சில ஆண்டுகளில் கத்தோலிக்கராக மாறினார். அப்புறம்தான் லீபோவிட்ஸ் மடத்தை எழுதினார். முதல் நாவலில் அந்த மடம் எப்போது அழியுமோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறதே, அது கற்பனையில் மட்டும் பிறந்த பயம் இல்லை. பல ஆண்டுகள் மனச்சோர்வோடு போராடினார். 1995-ல் மனைவி இறந்தார். 1996 ஜனவரியில் அவரும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இரண்டாம் நாவலின் கைப்பிரதியில் பெரும்பகுதி அதற்குள் எழுதப்பட்டிருந்தது. முடிவுதான் மிச்சம். அதை எழுதி முடிக்க இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான டெரி பிஸ்ஸனிடம் கொடுத்தார்கள்.

பிஸ்ஸனின் சிறுகதைகளைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு வினோதமான தேர்வு என்று புரியும். 'தேர் மேட் அவுட் ஆஃப் மீட்' முழுக்க முழுக்க உரையாடல்தான், வர்ணனை என்று ஒரு வரி கிடையாது. வேகமான, லேசான கை அவருடையது. மில்லரோ லத்தீனும் திருச்சபை அரசியலுமாக அடர்த்தியாக எழுதுகிறவர். அப்படி இருந்தும் கடைசி அத்தியாயங்களில் பிஸ்ஸனின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. தன் பாணியை முழுசாக ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொருவருடைய வாக்கியத்துக்குள் உட்கார்ந்து எழுதுவது எந்த எழுத்தாளருக்கும் எளிதில்லை.

'டியூன்' என்ற அறிவியல் புனைவு நாவல் வரிசைக்கு நடந்தது வேறு. அதை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட் 1986-ல் இறந்தார். அவர் விட்டுப்போன 30 பக்கக் குறிப்பை வைத்து மகன் பிரையனும் கெவின் ஆண்டர்சனும் 2006, 2007-ல் இரண்டு நாவல்கள் எழுதினார்கள். அங்கே வாக்கியங்கள் எல்லாமே புதியவர்களுடையவை. இங்கே இருப்பது மில்லரின் வாக்கியங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

முதல் நாவலின் பிரதர் ஃபிரான்சிஸை நினைத்துப் பாருங்கள். லீபோவிட்ஸ் விட்டுச்சென்ற ஒரு மின்சுற்று வரைபடத்தை, அது என்ன என்றே தெரியாமல், 15 ஆண்டுகள் உட்கார்ந்து பொன்னும் வண்ணமுமாகப் பிரதி எடுப்பான். வழியில் கொள்ளைக்காரன் அந்தப் பிரதியைப் பிடுங்கிக்கொள்வான். அசல் தப்பித்து, போப் இருக்கும் நியூ ரோமுக்குப் போய்ச் சேரும். அந்தக் காட்சியில் கண்கலங்கியவர்கள், இறந்துபோனவரின் தாள்களை இன்னொருவர் கையில் எடுத்ததற்காக இரண்டாம் நாவலைத் தள்ளுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

சரி, குறை இல்லாத புத்தகமா? இல்லை. முதல் நாவல் பல நூற்றாண்டுகளை ஒரே எட்டில் தாண்டிப் போகும். இது 3254-ஆம் ஆண்டை ஒட்டியே சுற்றுகிறது. கார்டினல்களின் பேரமும் நாடோடிக் குலங்களின் உறவுமுறையும் நடுவில் திணறடிக்கின்றன. அந்தக் கனம் மில்லரே ஏற்றி வைத்தது, பிஸ்ஸன் மேல் பழி போட முடியாது.

ஆனால் பிளாக்டூத் இருக்கிறான். நாடோடிக் குலத்தில் பிறந்து துறவியானவன், மடத்தை விட்டு விடுதலை கேட்டு மன்றாடுகிறவன். முதல் நாவலின் துறவிகளுக்கு மடம்தான் உலகம். இவனால் உள்ளே இருக்கவும் முடியவில்லை, வெளியே போய் நிம்மதியாக வாழவும் முடியவில்லை. ஃபிரான்சிஸைவிட இவன்தான் எனக்கு நெருக்கமானவன்.

இந்த முறை படிக்கும்போது மில்லர் எந்த வரியில் பேனாவை வைத்தார், பிஸ்ஸன் எங்கே எடுத்தார் என்று தேடிக்கொண்டே வந்தேன். கடைசி நூறு பக்கங்களில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு மூன்றையும் அழித்தேன்.