"ரெண்டு பாக்கெட் உப்பு" எழுதித் தந்த டாக்டரைப் பற்றி

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து, டாக்டர் பெயரை மட்டும் பெரிய மனசு பண்ணி மறைத்து, "பேதின்னு புள்ளைய தூக்கிட்டு ஓடினா ரெண்டு பாக்கெட் உப்பை எழுதித் தர்றார், இதுக்கு ஃபீஸ் வேற" என்று. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். லிங்க் கொடுக்க மாட்டேன், பரவினவரைக்கும் போதும்.

சீட்டைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒன்றரை வயதுக் குழந்தை. நாலே வரி. ஒவ்வொரு முறை போன பிறகும் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) 50 முதல் 100 மி.லி. ஜிங்க் (துத்தநாகச் சத்து மருந்து) 14 நாள். தாய்ப்பாலும் சாப்பாடும் நிறுத்த வேண்டாம். ரத்தம் கலந்து போனாலோ, எதுவும் குடிக்க முடியாமல் துவண்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே வரவும்.

இதில் எந்த வரி தப்பு? யாராவது சொல்லுங்கள். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் போட வேண்டிய சீட்டு அது. ஆன்டிபயாடிக் இல்லை, ஊசி இல்லை, டிரிப்ஸ் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு என்றால், அந்த மூன்றும் இல்லாததுதான் அந்தச் சீட்டின் அழகு.

ஓஆர்எஸ் மருந்து. மருந்துக்குத் துணையாகக் குடிக்கிற தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. குடல் சுவரின் செல்களில் எஸ்ஜிஎல்டி-1 என்று ஒரு வாசல் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் உள்ளே போகவேண்டும் என்றால் இரண்டு சோடியத்தைக் கூட்டிக்கொண்டுதான் போக முடியும். அவை போன இடத்துக்குத் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். சர்க்கரையும் சோடியமும் சேர்ந்துதான் குடலில் ஏறுகின்றன என்று ராபர்ட் கிரேன் சொன்னது 1960-இல். காலராவில் தண்ணீர் குடம் குடமாக வெளியேறும்போதுகூட இந்த வாசல் மூடுவதில்லை. அந்த ஒரு வாசலை நம்பித்தான் பாக்கெட்டில் இருக்கிற ஒவ்வொரு கிராமும் அளக்கப்பட்டிருக்கிறது: ஒரு லிட்டருக்கு உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம்.

இந்த அளவும் சும்மா வந்ததில்லை. பழைய பாக்கெட்டில் ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைசலில் கரைந்திருப்பவற்றின் அடர்த்தி, 311. குளுக்கோஸ் அதிகம், சோடியமும் அதிகம். குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து, இரண்டையும் குறைத்து 2002-இல் 245-க்கு இறக்கினார்கள். அதனால் மட்டுமே, திடீரென்று டிரிப்ஸ் போட வேண்டிவந்த குழந்தைகள் சுமார் 33 சதவீதம் குறைந்தார்கள். வாந்தியும் குறைந்தது. "வெறும் உப்பு" என்று நீங்கள் சிரித்தது இதைப் பார்த்துத்தான்.

இப்போது எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற ஆராய்ச்சிக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கர்நாடகா, பீகார் இரண்டு மாநிலங்களிலும் 253 ஊர்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் டாக்டர்கள், மருந்துக்கடைக்காரர்கள். "வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி" என்று சொல்லப் பயிற்சி கொடுத்த ஆட்களை நோயாளியின் வீட்டார்போல அனுப்பினார்கள். ஓஆர்எஸ் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்களே ஏன் கொடுப்பதில்லை? இதுதான் கேள்வி. சரக்கு இல்லையா, காசு பார்க்கவா, அல்லது வேறு ஏதாவதா?

முடிவைக் கேளுங்கள். எழுதாமல் விட்டதில் சரக்கு இல்லாததன் பங்கு 6 சதவீதம். காசின் பங்கு 5 சதவீதம். "வருகிறவர்களுக்கு ஓஆர்எஸ் பிடிக்காது" என்ற டாக்டரின் நினைப்பின் பங்கு 42 சதவீதம். வந்தவர் ஓஆர்எஸ் வேண்டும் என்று தானே காட்டிக்கொண்டபோது அதை எழுதிக்கொடுத்தது 27 சதவீதப் புள்ளிகள் ஏறியது. வேறெதுவும் மாறவில்லை. அதே டாக்டர், அதே நோய். கேட்டார்கள், எழுதினார்.

அதாவது, நாம் முகம் சுளிப்போம் என்று பயந்துதான் எழுதாமல் விடுகிறார்கள். பயப்படாமல் எழுதிய ஒருவரை நாம் என்ன செய்தோம்? மூன்று நாளாகக் கட்டி வைத்து அடித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை பேதியோடு வருகிற குழந்தைக்கு அவர் என்ன எழுதுவார் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற டாக்டர்கள் என்ன எழுதுவார்கள்?

"எல்லாரும் கமிஷனுக்குத்தானே எழுதுகிறார்கள்" என்று ஒரு அண்ணன் கமெண்டில் கேட்கத்தான் போகிறார். ஐயா, மருந்துக்கடைகளில் காசு ஆசையை நீக்கியபோது ஓஆர்எஸ் கொடுப்பது கூடியது உண்மைதான். அதே ஆராய்ச்சிதான் சொல்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கமிஷனுக்கு எழுதுகிறவர் ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் எழுதிவிட்டு நிறுத்துவாரா? திட்டுவதற்கு ஆள் தேடினால் சரியான ஆளைத் தேடுங்கள்.

"கொடுத்தேன், நிற்கவில்லை" என்பது அடுத்தது. நிற்காது. ஓஆர்எஸ் பேதியை நிறுத்தும் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான பேதி வைரஸால் வருவது, ஐந்து முதல் ஏழு நாள் இருந்துவிட்டுத்தான் போகும். குழந்தையைக் கொல்வது பேதி இல்லை, உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது. ஐந்து வயதுக்குள் ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பேதியால் சாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. போனதைப் போன வேகத்தில் திரும்ப உள்ளே ஏற்றுவதுதான் வேலை. "சட்டென்று நிற்க" பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் லோபரமைடைக் குழந்தைக்குக் கொடுத்துக் குடலை முடக்கிவைப்பவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"கொடுத்தாலே வாந்தி எடுக்கிறான்" என்கிறீர்களா? இது நியாயமான கேள்வி, இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன். ஒரு டம்ளரை வாயில் வைத்துக் கவிழ்த்தால் தாகத்தில் மடமடவென்று குடிக்கும், அப்படியே வெளியே வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஐந்து மி.லி. ஸ்பூனால், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 30 ஸ்பூன், 150 மி.லி. நாலு மணி நேரத்தில் 600 மி.லி. ஓரளவு வற்றிப்போன குழந்தைக்குக் கணக்கு ஒரு கிலோ எடைக்கு 75 மி.லி., நாலு மணி நேரத்தில். எட்டுக் கிலோ குழந்தைக்கு அது சரியாக 600! ஒரு ஸ்பூன் செய்கிற வேலை இது.

ஒரு வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி, கையில் ஸ்பூன், கண் சுவரில் மாட்டிய கடிகாரத்தில். நொடி முள் இரண்டு சுற்று வந்தால் ஒரு ஸ்பூன். குழந்தை நடுவில் துப்பியது. துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார், மறுபடி முதல் ஸ்பூன். மூன்றாவது மணி நேரத்தில் குழந்தை நனைந்த துணியைப் பிடித்து இழுத்து அழுதது, கண்ணீரோடு. கண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு நர்ஸ் டிரிப்ஸ் ஸ்டாண்டை நகர்த்தி ஓரமாக வைத்தார். அந்தப் பாட்டிக்கு யாரும் லைக் போடவில்லை.

வாந்தி நிற்காவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. 2006-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், ஓண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்தை ஒரே ஒரு வேளை வாய்வழி கொடுத்ததில் வாந்தி எடுத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 14 ஆனார்கள். டிரிப்ஸ் தேவைப்பட்டவர்கள் 31-லிருந்து 14. அதே இதழில் 2025-இல் வந்த ஆய்வு, வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய சில வேளை மருந்தும் நோயின் கடுமையைக் குறைத்தது என்கிறது. எடை பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும், அலமாரியில் இருக்கிற பழைய பாட்டிலிலிருந்து நீங்களாக ஊற்றக் கூடாது.

டிரிப்ஸ் போட்டால் சீக்கிரம் தேறும் என்பவர்களுக்கு: வாய்வழி கொடுத்த குழந்தைகளையும் டிரிப்ஸ் போட்ட குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், வாய்வழி வைத்தியம் பலிக்காமல் கடைசியில் டிரிப்ஸுக்குப் போனது 25 குழந்தைகளுக்கு ஒன்று. மீதி 24 பேருக்கு ஊசிக்குத்து எதற்கு? மயக்கமாகக் கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபின் இரண்டு நொடிக்கு மேல் மடிந்தே நின்றால் டிரிப்ஸ்தான், அதில் பேச்சே இல்லை, ஓடுங்கள்.

கொடுத்தும் பலன் இல்லாமல் போவது பெரும்பாலும் கலக்குகிற இடத்தில். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். 200 மி.லி.யில் கலந்தால் ஐந்து மடங்கு கெட்டி, லிட்டருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் 375. ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும் அளவு. சின்ன பாக்கெட் 200 மி.லி.க்கு என்றே தனியாக வருகிறது, உறையில் எழுதியிருக்கிறது, படியுங்கள். "இன்னிக்குப் பாதி நாளைக்குப் பாதி" வேண்டாம், தூள் சமமாகக் கலந்திருக்காது. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்கலாம், கலந்த பிறகு காய்ச்சக் கூடாது. பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது, ருசிக்குச் சர்க்கரை கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

ஜூஸ் என்றதும் ஒரு படித்த நண்பர் வருவார் பாருங்கள், 2016 ஆய்வைத் தூக்கிக்கொண்டு. ஆமாம், கனடாவில் 647 குழந்தைகள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஆப்பிள் ஜூஸ் கொடுத்ததில் வைத்தியம் பலிக்காமல் போனது 16.7 சதவீதம், உப்புக் கரைசல் கொடுத்ததில் 25. நல்ல ஆய்வு. ஆனால் அதில் எடுத்துக்கொண்டது லேசான பேதி, கிட்டத்தட்ட வற்றாத குழந்தைகள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு வற்றிப்போன குழந்தைக்கு ஜூஸ் கொடுத்தால், போதிய சோடியம் ஏறாது, சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து இன்னும் போகும். சோடாவும் அதே கதைதான்.

ஆன்டிபயாடிக் எழுதாததைத்தான் அதிகம் பேர் திட்டியிருந்தார்கள். 2021-இல் ஒரு ஆய்வு வந்தது: ஏழு நாடுகள், இந்தியாவும் உண்டு, 8,266 குழந்தைகள். ரத்தமில்லாத பேதி, ஆனால் வற்றிப்போனவர்களோ சத்துக் குறைந்தவர்களோ. மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தும் 180 நாளில் இறப்பு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ரத்தபேதி, காலரா என்றால் வேறு. புரோபயாடிக்கும் (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் கிருமி மருந்து) இல்லையே என்கிறார் இன்னொருவர். 2018-இல் இரண்டு பெரிய ஆய்வுகள், இரண்டிலும் பலன் பூஜ்யம்.

ஜிங்க் குடித்ததும் வாந்தி என்று ஒரு தாய் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. 20 மி.கி.யில் அது நடக்கும். 2020-இல் டெல்லியிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் பார்த்ததில் 5 மி.கி.யும் பேதிக்கு 20-க்குக் குறையாமல் வேலை செய்தது, அரைமணிக்குள் வாந்தி எடுத்தவர்கள் 19.3-லிருந்து 13.7 சதவீதமாகக் குறைந்தார்கள். அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பதிவில் கேட்கத் தகுந்த ஒரே கேள்வி இது. அதற்கு விழுந்த லைக் மூன்று.

இந்த அவமானம் புதிதும் இல்லை. 1971, மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாம், காலரா. டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று டிரம்களில் கலக்கிவைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 ஆனது. அப்போதும் டாக்டர்களே நம்பவில்லை, வாய்வழி உப்புத் தண்ணீரில் காலராவா என்றார்கள். பத்ம விபூஷண் 2023-இல் அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. நம் சீட்டு டாக்டருக்கும் நல்ல பெயர் வர அவ்வளவு காலம் ஆகும்போலிருக்கிறது.

நேற்று ராத்திரி அந்தக் கமெண்டுகளைக் கடைசிவரை இறக்கிப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். எங்கேயோ அடியில் ஒரே ஒருவர், "குழந்தை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். பதிவு போட்டவர் பதில் சொல்லியிருந்தார்: "அவன் ரெண்டு நாள்லயே விளையாட ஆரம்பிச்சுட்டான் பிரதர். டாக்டரைத்தான் மாத்தணும்."